மேட்டிலிருந்து இறங்கி வந்த ஒரம்பரை

செங்கோடன் அண்ணனின் டிசைன் சென்டரில் பெரிய கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பச்சை மேடு இருந்தது, மேட்டுக்கு மேலே நீல வானமும் நாலைந்து வெள்ளை மேகமும் இருந்தன, அந்த மேட்டிலிருந்து ஒரு வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு ஒரு அம்மா துணிப்பையோடு இறங்கி வந்து, குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குடிக்கச் சித்த தண்ணி கெடைக்குமா கண்ணு" என்று என்னைக் கேட்டார்.

நான் அப்போது பாப்பாவின் தூளியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு, கையில் மவுசைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பேச்சு வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், அதோடு ஆள் முகம் பார்த்துப் பேசுகிற பழக்கமும் விட்டுப்போனது. அதனால் பதில் சொல்லாமல் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு மானிட்டருக்கு முன்னால் வைத்தேன். அந்த அம்மா டம்ளரைப் பார்த்தார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார், "போதும் கண்ணு" என்றார். டம்ளரில் தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் தாகம் தீர்ந்தவர் மாதிரிதான் இருந்தார்.

பின்னால் அட்டை குத்திக்கொண்டிருந்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஓரமா உக்காரச் சொல்லு தவமணி. டிசைன் சாஃப்ட்வேர் மேல சாஞ்சறப் போறாங்க."

அவ்வளவுதான். அவர் திரும்பவும் அட்டை குத்தப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் எல்லாரும் பெட்ஷீட் ஓட்டுகிறவர்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதில் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும், எந்த நூல் ஏறுவது எந்த நூல் இறங்குவது என்று அந்த ஓட்டைகள்தான் சொல்லும். மயிலோ, அன்னமோ, பூவோ, எதுவானாலும் முதலில் அண்ணனின் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்தாக வேண்டும். அந்த சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். பழைய சிஸ்டத்துக்கோ சாமான் கிடைப்பதில்லை. அதனால் அண்ணன் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடி வைத்திருந்தார், அதற்குத் தோதாகப் பழைய கனமான மானிட்டர் ஒன்றையும் மாட்டியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை காலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எனக்குச் சொன்னது இது: "வெளிய இருக்கறது வீட்டுக்காரன், உள்ள இருக்கறது விருந்தாளி. இங்கிலீசுலயும் அப்படித்தான் பேரு. உள்ள இருக்கறதுக்கு, தான் இன்னொண்ணுக்குள்ள இருக்கறதே தெரியாது. இதுதான் ஒலகம்னு நெனச்சுக்கும். உள்ள தீப்புடிச்சாலும் வெளிய பொகை வரக்கூடாது, அப்படி வெச்சுக்கோணும்."

அப்படித்தான் வைத்துக்கொண்டோம். தறிக்காரர்கள் கொண்டுவருகிற பென் டிரைவ், ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கிற அத்தனை கடையிலும் படுத்து எழுந்து வந்தது, அதில் இல்லாத சீக்கு இல்லை. அதை வெளிக் கம்ப்யூட்டரில் போடவே கூடாது, உள்ளேதான் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதற்கு நெட் கொடுக்கக் கூடாது. இங்கே காப்பி பண்ணி அங்கே ஒட்டக் கூடாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் இருந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணனே அதை இரண்டு நிமிஷம் திறந்து, முடிந்த டிசைன்களை வெளியே எடுத்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, மறுபடி சாத்திவிடுவார். ஆறு மணிக்கு, உள்ளே அன்றைக்கு என்ன நடந்திருந்தாலும் அத்தனையையும் தள்ளிவிட்டு, முதன்முதலில் சுத்தமாக இருந்தபோது பிடித்து வைத்த படத்துக்குத் திருப்பி வைத்துவிடுவார். ஸ்நாப்ஷாட் என்று பெயர். காலையில் அது பிறந்த மேனிக்கு எழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் மேடு காலியாக இருந்தது. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. உற்றுப் பார்த்தேன், மேட்டின் உச்சியில் எள்ளு மாதிரி ஒரு புள்ளி நகர்ந்தது. பத்து மணிக்கு அது எறும்பு மாதிரி இருந்தது, பத்தரைக்குப் பை தெரிந்தது, பதினொன்று பத்துக்கு அந்த அம்மா வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, "குடிக்கச் சித்த தண்ணி கெடைக்குமா கண்ணு" என்றார்.

அண்ணன்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் படம் பிடித்த நாளிலேயே அந்த அம்மா மேட்டு உச்சிக்கு வந்துவிட்டிருந்தார். நான் வருவதற்கு முன்னால் அண்ணன் காலையில் ஒரு மணி நேரம் வேலை பார்த்து மூடிவிடுவார், அந்த அம்மா கீழே வந்து சேர நேரம் இருந்ததில்லை. நான் வந்த பிறகுதான் நாள் முழுக்க அது திறந்தே இருந்தது. இத்தனை வருஷமாக அவர் இறங்க ஆரம்பிப்பதும், பாதியிலேயே உச்சிக்குப் போய்விடுவதுமாக இருந்திருக்கிறார்.

எங்கள் பக்கம் விருந்தாளியை ஒரம்பரை என்றுதான் சொல்வோம். ஊரில் அவருக்கு ஒரம்பரையம்மா என்றே பேர் ஆனது.

ஊர் அவரைப் பார்த்து மலைக்கவில்லை. டிசைனுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். கை வீசிக்கொண்டு ஒரம்பரையைப் பார்க்கப் போகக் கூடாது என்று ஒருத்தர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார், அடுத்தவர் முறுக்கு, அதற்கடுத்தவர் சந்தைக்குப் போன கையோடு பொரி. மானிட்டருக்கு முன்னால் எல்லாம் வரிசையாக இருக்கும். அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, "இதெல்லாம் எதுக்குங்க, இப்பத்தான் சாப்ட்டேன்" என்பார். சாயங்காலம் அண்ணனும் நானும் பங்கு போட்டுக்கொள்வோம். அவரைப் பூட்டி வைத்திருப்பதைப் பற்றி மட்டும் பேச்சு வந்தது. நெய்த பெட்ஷீட்டை மடிக்கிற பாவாயி அக்கா ஒருநாள் வந்து, "ஏஞ்செங்கோடா, அந்தப் பொது ஃபோல்டரைத் தெறந்து வுட்டா வெளிய வந்து காத்தாட நடப்பாங்கல்ல. வந்தவங்கள உள்ள போட்டுச் சாத்தி வெக்கறது நம்மளுக்கு நல்லாவா இருக்குது" என்று கேட்டார்.

"அவங்க வந்தாப் பரவால்லீங்க்கா, கூட வாரது ஆகாது" என்றார் அண்ணன். "உன்ற மருமவன் பென் டிரைவுல மட்டும் நாப்பத்தியொரு சீக்கு."

"அவனுக்கே நாப்பத்தியொண்ணு இருக்குமே" என்று சொல்லிவிட்டுப் பாவாயி அக்கா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு போனார்.

ஒரம்பரையம்மாவுக்கு மறந்துபோகிறது என்பதையும் பாவாயி அக்காதான் ஊருக்குச் சொன்னது. ஒரு திங்கட்கிழமை ஒரம்பரையம்மாவிடம் எதையோ சொல்லி அழுதிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வெட்கப்பட்டுக்கொண்டே வந்தால், "நீங்க யாருங்க அம்முணி" என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஊர் வேறு மாதிரி வந்தது. வெறும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்தார்கள், பவர் நின்ற நேரத்தில் வந்தார்கள், பாவு ஓட்டிவிட்டு வந்தார்கள், கூடப்பிறந்தவனைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தார்கள், கட்டிக்கொண்டவளைப் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொல்லத் தெரியாமல் இங்கே சொல்ல வந்தார்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன குழந்தையின் பேரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போக வந்தார்கள், பதினொன்றேகாலிலிருந்து ஐந்து வரைக்கும் பெஞ்சு நிறைந்திருந்தது, ஒவ்வொருத்தரும் நாற்காலியை மானிட்டருக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள், ஆறு மணிக்கு அத்தனையும் மேட்டோடு போனது, மறுநாள் வந்து அதையே முதல் தடவை சொல்வது போலச் சொன்னார்கள். நாலு தறி வைத்திருக்கும் நாச்சிமுத்து, தன் அண்ணன் பாடுபட்டுப் போட்ட அன்னம் டிசைனைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டியதை நாற்பது தடவையாவது ஒப்புக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் மனசு லேசாகித்தான் எழுந்து போவார்.

நானும் பேசினேன். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் பதினொன்று பத்திலிருந்து பதினொன்றேகால் வரைக்கும் ஐந்து நிமிஷம் என்னுடையது. முதல் நாள் தண்ணீர் மட்டும் வைத்தேன். பத்தாவது நாள் "வாங்க" என்றேன். ஒரு மாசம் கழித்து என் பேர் தவமணி என்றும், வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் சத்தீஸ்கர் போய்விட்டார் என்றும், பாப்பா பிறந்து முப்பதாம் நாள் போனவர் இன்னும் வரவில்லை என்றும் தடுமாறாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் தப்பாகச் சொன்னதை மறுநாள் திருத்திச் சொல்லலாம். உளறினாலும் தெரியாது. ஊரில் யாரிடமும் வராத பேச்சு அவரிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் போன் பண்ணுவார், அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல், "சாப்ட்டயா" என்பார், "சாப்ட்டேன்" என்பேன், "பாப்பா" என்பார், "நல்லாருக்குது" என்பேன், அப்புறம் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது, லைன் கட்டானால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இதையும் ஒரம்பரையம்மாவிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"ஏனுங்கம்மா, தெனமும் எதுக்கு எறங்கி வாரீங்க" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தெனமும் வாரனா?" என்றார். "எனக்கு இன்னிக்குத்தான் வந்தாப்பல இருக்குது. மேல நின்னேன். கீழ ஒரு சன்னலாட்டத் தெரிஞ்சுது. யாரோ தூளி ஆட்டறாப்பல இருந்துது. ஆளு இருக்கற எடமாச்சேன்னு வந்தேன்."

நூற்றைம்பது தடவையாவது என் பேரைக் கேட்டிருப்பார். பாப்பாவை எத்தனை மாசம் என்று கேட்டார், ஆறு என்றேன், ஏழு என்றேன், எட்டு என்றேன். ஒவ்வொரு நாளும் புதுசாகப் பார்த்துப் பூரித்துப்போனார். எனக்கு முதலில் அது பிடித்திருந்தது. அப்புறம் அவர் அப்படிப் பூரிக்கிறபோது நான் தூளிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாப்பாவுக்குப் பதினோரு மாசம் ஆனபோது, ஒரு புதன்கிழமை, அண்ணன் கொழுந்தியாள் வீட்டு விசேசத்துக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பதினாலு பென் டிரைவ் உள்ளே போட்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரியில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. ஊரில் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றதில், பெஞ்சில் இருந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள், அந்தச் சத்தமில்லாமையில் பாப்பா விழித்துக்கொண்டாள். கீழே இறக்கி விட்டேன். மேஜைக் காலைப் பிடித்து எழுந்தாள். பிடியை விட்டாள். மானிட்டரைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து, தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நடந்துட்டா பாரு தவமணி" என்றார் ஒரம்பரையம்மா. "மூணு அடி. நானும் எண்ணுனேன்."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இரண்டாம் தரம் போட்டேன், மூன்றாம் தரம் போட்டேன். பாப்பா நடந்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர், அதில் ஒருத்தருக்கு ஆறு மணிக்கு மறந்துவிடும்.

ஐந்தரைக்கு அண்ணன் போன் பண்ணினார். "டிசைன் நாளைக்கு எடுத்துக்கலாம். திருப்பி வெச்சுட்டுப் பூட்டு தவமணி. மேல இருக்கறது பழைய படம், அதுமேல அமுக்கு."

"சரிங்ணா."

மேலே இருப்பது பழைய படத்துக்குத் திரும்புவது. கீழே இருப்பது இந்த நிமிஷத்தை அப்படியே படம் பிடித்து வைப்பது. நான் தினமும் பார்த்திருக்கிறேன். மேலேயும் அமுக்கவில்லை, கீழேயும் அமுக்கவில்லை, மவுசை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இருந்துட்டு நாளைக்குப் போலாமுங்கம்மா."

எங்கள் பக்கம் வந்தவர்களை இரு என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். வந்தவர்கள் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை ஒத்துக்கொண்டுவிட்டால், அப்புறம் வீட்டுக்காரி பொட்டு வைத்து வழியனுப்புகிற வரைக்கும் ஒரம்பரை தானாகக் கிளம்பக் கூடாது. தலைவலி என்றுகூட வாய் திறக்கக் கூடாது.

"உனக்கெதுக்குக் கண்ணு செரமம்."

"செரமமில்லீங்க. இருங்க."

"ஊட்டுக்காரரு இல்லாத ஊடு."

"அதுக்குத்தான் சொல்றனுங்க. இருங்கம்மா."

"செரி, இருக்கறேன்" என்றார். கீழே இருந்ததை அமுக்கினேன்.

வியாழக்கிழமை நான் ஷட்டரைத் தூக்கி மானிட்டரைப் போட்டபோது, மேட்டு உச்சியில் யாரும் இல்லை, அவர் கீழேயே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வா தவமணி" என்றார். "பாப்பா ராத்திரி நல்லாத் தூங்குனாளா. கால் வலிச்சிருக்கும், தேச்சு வுட்டயா."

அப்படி என்னைப் பேர் சொல்லி யாரும் வரவேற்று வருஷக் கணக்காகிறது. தேய்த்துவிடவில்லை என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து தேய்த்துவிட்டேன்.

அண்ணன் வந்தார். பார்த்தார். புரிந்துகொண்டார். "பழைய படத்த அழிச்சிரலயே" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "பதினாலு பென் டிரைவு தவமணி. உள்ள இருக்கற சீக்கு அத்தனையும் ராத்திரி அவங்ககூடவே படுத்திருக்குது." மவுசில் கை வைத்தார். அப்போது உள்ளேயிருந்து, "இருன்னு சொன்னாளுப்பா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று குரல் வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். இருக்கச் சொன்ன மறுநாளே ஒரம்பரையை அனுப்பிவைத்ததாக ஒரு பேச்சு வந்துவிட்டால், எங்கள் ஊரில் அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

பதினொன்றேகாலுக்கு நாச்சிமுத்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாப்பா நாச்சிமுத்து. அண்ணங்கிட்டச் சொல்லீட்டயா?"

நாச்சிமுத்து எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் டீக்கடையைத் தாண்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் பெஞ்சு காலி. வாழைப்பழம் வரவில்லை, முறுக்கு வரவில்லை. கடைக்கு முன்னால் போகிறவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒரம்பரையம்மாவுக்கு நேற்றைக்குச் சொன்ன ஒரு நாள் பேச்சுதான் ஞாபகம் இருந்தது, ஆனால் எந்த நாள் யார் என்ன சொன்னோம் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

எனக்கு அது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். ஐந்து நிமிஷம் என்று இருந்தது நாள் முழுக்க ஆனது. நேற்று விட்ட இடத்திலிருந்து பேசினோம். பாப்பா ஐந்து அடி நடந்தாள், "நேத்தைக்கு மூணு, இன்னிக்கு அஞ்சு" என்று அவர் கணக்குச் சொன்னார். சாயங்காலம் அண்ணன், "திருப்பி வெக்கலாமா" என்றார். "இன்னொரு நாள்ணா" என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் இன்னொரு நாள் என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒரம்பரையம்மா லேசாக இருமியிருந்தார், சனிக்கிழமை இருமல் அதிகமானது. இருமும்போது மேகங்கள் நின்றுவிட்டு, அப்புறம் வெடுக்கென்று நகர்ந்தன. கேட்டேன், "ஒண்ணுமில்ல கண்ணு, எடம் மாத்தம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேட்டில் புல் திட்டுத் திட்டாகப் பழுத்திருந்தது. ஒரு வார்த்தையைச் சொன்னால் அது தொண்டையில் மாட்டிக்கொண்டு நாலு தடவை வந்தது. "பாப்பா பாப்பா பாப்பா பாப்பா" என்றார். அவள் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று சிரித்தாள். திங்கட்கிழமை அவரால் உட்கார முடியவில்லை. பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடி ஏதேதோ முணுமுணுத்தார். காய்ச்சலில் புலம்புகிறவர்கள் மாதிரி. நான் என்ன வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், "ஒரு கொறையுமில்ல கண்ணு, நல்லாப் பாத்துக்கற" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பாவாயி அக்கா ஒரு பெட்ஷீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் விரித்தார்.

வெள்ளிக்கிழமை எடுத்த மயில் டிசைன் அது. அண்ணன் சோதித்துத்தான் எடுத்திருந்தார், வைரஸ் எதுவும் இல்லை, வெறும் படம்தான். படத்துக்குள் எழுத்து இருக்கிறதா என்று எந்தச் சோதனையும் பார்ப்பதில்லை. பார்டரில் மயிலுக்கும் மயிலுக்கும் நடுவில் பூ வர வேண்டிய இடத்தில், மஞ்சள் நூலில், குண்டு குண்டாக எழுத்து ஓடியது. அண்ணன் போட்ட அன்னத்தை எடுத்தது நாந்தான், என்று இருந்தது.

"அறுவது பீஸ் ஓடீருக்குது" என்றார் பாவாயி அக்கா. "நாச்சிமுத்து தறியில இல்ல, அவங்க அண்ணன் தறியில."

"அவரு பாத்துட்டாரா?"

"பாத்தாரு. எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லிட்டு அடுத்த அட்டையக் கட்டிட்டாரு." அக்கா பெட்ஷீட்டைப் புரட்டினார். "என்றதும் வந்துருக்குது, இந்த மூலையில. என்ற மாமியாளுக்கு எழுத்துத் தெரியாது, தப்பிச்சேன். எல்லாம் வடக்க போற சரக்குத்தானே, அங்க எவன் தமிழ் படிக்கப் போறான். ஊருக்குள்ளதான் படிச்சுட்டாங்க."

அக்கா பேசிக்கொண்டே போனார், நான் பெட்ஷீட்டின் கால்மாட்டுப் பார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. போன் கட்டானா தவமணிக்கு நிம்மதி. போன் கட்டானா தவமணிக்கு நிம்மதி. அறுபது பீஸிலும் அது இருக்கும். அறுபது கட்டில்களில் யார் யாரோ அதில் காலை நீட்டிப் படுப்பார்கள்.

பாவாயி அக்கா என் முகத்தைப் பார்க்காமலேயே அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்தார். எழுத்து வெளியே தெரியாதபடி இன்னொரு மடிப்பும் மடித்தார். "போன் கட்டாகறது எல்லா ஊட்லயும்தான் புள்ள" என்றார். பிறகு பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கு வாய் வரவில்லை, அவருக்கு மடிக்க வேண்டியது நிறையக் கிடந்தது.

ஒரம்பரையம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நாஞ்சொல்லலயே கண்ணு. நான் யாருகிட்டயும் சொல்லலயே."

"நீங்க சொல்லலீங்கம்மா. காச்சல்ல வந்துருக்குது."

"அந்த ஃபோல்டரு தெறந்தா அந்தப் பக்கம் காத்து வருது. அதுல எல்லாம் பறந்து போயிருச்சாட்ட இருக்குது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மேகம் நின்றது, நகர்ந்தது.

"ரொம்ப முடியலீங்களா?"

அவர் தலைக்கு வைத்திருந்த பையைச் சரி செய்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் எத்தனை தடவை கேட்டாலும் முடியவில்லை என்று அவர் சொல்லப்போவதில்லை. இரு என்று சொன்னது நான். போ என்று நான் சொல்லாமல் அவர் இப்படியே கிடப்பார், புல் எல்லாம் பழுத்து உதிர்ந்து, வானமும் நின்றுபோன பிறகும், ஒரு குறையுமில்லை கண்ணு என்று நாலு தடவை சொல்லிக்கொண்டு கிடப்பார். வெளிக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. புகைகூட வெளியே வராது. உள்ளே அவர் மட்டும் எரிவார்.

ஐந்து மணிக்கு அண்ணன் ஃபோல்டரைத் திறக்கவில்லை. ஐந்தரைக்கு வந்து என் பின்னால் நின்றார். "நான் அமுக்கட்டுமா" என்றார்.

"நானே வழியனுப்பறனுங்ணா."

அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

என் மதிய சாப்பாட்டுப் பையில் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் இருந்தது, போன வாரம் யாரோ கொடுத்தது. பிரித்து மேஜைமேல் வைத்தேன். ஒரம்பரையம்மாவின் நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது, இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தது, ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

"பொட்டு வெக்கலாங்களாம்மா?"

அவர் யோசித்தார். "தெரியலயே கண்ணு. மேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு ஒண்ணுமே நெனப்பில்ல." பிறகு பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டார். "வெய்யி."

மோதிர விரலில் தொட்டுக் கண்ணாடிமேல் வைத்தேன். கண்ணாடி சூடாக இருந்தது. மானிட்டர் நாள் முழுக்க ஓடினால் சூடாகத்தான் இருக்கும்.

"பாப்பா நடந்தத நான் மறந்துருவனா?"

"மறந்துருவீங்கம்மா."

"உன்னையும்?"

"ஆமாங்க."

"செரி" என்றார். "நீ ஞாபகம் வெச்சிருக்கறயில்ல. ஒருத்தருக்கு இருந்தாப் போதாதா." அது போதும் போதும் போதும் போதும் என்று மாட்டிக்கொண்டது. அதை அவர் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"போயிட்டு வாங்கம்மா" என்று சொன்னேன். மேலே இருந்ததை அமுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் புல் பச்சையாக இருந்தது. உச்சியில் புள்ளி இருந்தது. அண்ணன் ஈரத்துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டு வந்தார், மானிட்டருக்கு வந்ததும் கண்ணாடியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார், அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். ஊர் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், முதலில் பாவாயி அக்கா வருவார், பிறகு மெல்ல மற்றவர்கள் வருவார்கள், நாச்சிமுத்துவுக்கு இனி வர வேண்டிய வேலை இல்லை. அது வரைக்கும் கடையில் நான் மட்டும்தான். பாப்பா மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அடியை எண்ணுகிற நிலை எல்லாம் தாண்டிவிட்டது.

பத்தரைக்குப் பை தெரிந்தது. பதினொன்று பத்துக்கு அவர் வந்து, பையை இறக்கி வைத்து உட்கார்ந்தார். கண்ணாடியில் இருந்த பொட்டு அவர் நெற்றிக்கு ஒரு விரல் இடப்பக்கமாக இருந்தது. நான் மானிட்டரைத் தொடவில்லை. என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் சரியாக இருந்தது.